பெரியவர்களுக்கு ஆஸ்துமா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் 18 வயதைத் தாண்டியவர்களுக்கானது. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்களைப் பரிசோதித்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் ஏன் அதைக் கொடுத்தார், எப்படி எடுத்தால் அது நுரையீரல் போய்ச் சேரும், எங்கே தவறிப்போகிறது என்பதைத்தான் இங்கே சொல்கிறோம். இந்த நிமிஷமே மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது என்றால் மற்றதை விட்டுவிட்டு, "திடீரென்று இழுப்பு வந்தால்" என்று தொடங்கும் கேள்விக்குப் போங்கள்.

இழுப்பு இல்லாத நாட்களில் நன்றாகத்தானே இருக்கிறேன். அப்போதும் ஆஸ்துமா இருக்கிறதா?

இருக்கிறது, நீறு பூத்த நெருப்பு மாதிரி. மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் ஓர் அழற்சி, அதாவது லேசான வீக்கம், ஓயாமல் இருந்துகொண்டே இருக்கும். புகை, தூசி, குளிர்காற்று, சாதாரண ஜலதோஷம் என்று மற்றவர்களை ஒன்றும் செய்யாத விஷயங்கள் அந்தச் சுவரைச் சீண்டிவிடும். சீண்டினால் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், உட்சுவர் இன்னும் வீங்கும், கெட்டியான சளி சுரந்து மிச்சமிருக்கும் வழியையும் அடைக்கும்.

குழாயின் விட்டம் பாதியாகக் குறைந்தால், சீராக ஓடும் காற்றுக்கு ஏற்படும் தடை இரண்டு மடங்கல்ல, பதினாறு மடங்கு. அதனால்தான் கொஞ்சம் வீங்கினாலே ஆளை உட்கார வைத்துவிடுகிறது. மூச்சை வெளியே விடும்போது குழாய்கள் இயல்பாகவே சற்றுச் சுருங்கும் என்பதால், உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் சிரமம். அந்த விசில் சத்தமும் பெரும்பாலும் அப்போதுதான் கேட்கும்.

தசை சில நிமிடங்களில் இறுகும், மருந்து போட்டால் சில நிமிடங்களில் தளரும். வீக்கம் அப்படியல்ல. அது வடிய வாரக்கணக்கில் ஆகும். இந்த ஒரு வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால், கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

எனக்கு வெறும் இருமல்தான். அது ஆஸ்துமாவாக இருக்குமா?

இருக்கலாம். சிலருக்கு இருமலைத் தவிர வேறு அறிகுறியே இருப்பதில்லை. நடுராத்திரி அல்லது விடியற்காலையில் கூடுகிறதா, சிரித்தால், வேகமாக நடந்தால், ஊதுபத்திப் புகை பட்டால் கிளம்புகிறதா, சில நாள் இருந்து சில நாள் காணாமல் போகிறதா என்று பாருங்கள். வந்து போவதுதான் ஆஸ்துமாவின் குணம். ஆனால் இதே மாதிரி இருமல் வயிற்று அமிலம் மேலே ஏறுவதாலும் வரும், மூக்கிலிருந்து தொண்டைக்குள் வடியும் சளியாலும் வரும். எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளாலும் வரும். இதய பலவீனத்தில்கூட வீசிங், அதாவது அந்த விசில் சத்தம், கேட்கும். ஆகவே ஊகத்தை நம்பி மாதக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டாம், ஊதிப் பார்க்கும் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

அதன் பெயர் ஸ்பைரோமெட்ரி. முழு மூச்சை இழுத்து, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகக் கடைசிவரை ஊத வேண்டும். முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்று கருவி அளக்கும். பிறகு மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பியூட்டமால் என்ற மருந்தைக் கொடுத்து, 10 முதல் 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். அந்த முதல் விநாடி அளவு 12 சதவீதமும் 200 மில்லியும் கூடியிருந்தால், அது ஆஸ்துமாவுக்கு வலுவான சான்று. பரிசோதனைக்கு முந்தைய 4 மணி நேரத்தில் சால்பியூட்டமால் எடுத்திருந்தால் முடிவு குழம்பும். 12 மணி நேரம், 24 மணி நேரம் வேலை செய்யும் மருந்துகளை எப்போது நிறுத்துவது என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நன்றாக இருக்கும் நாளில் செய்தால் ஸ்பைரோமெட்ரி இயல்பாகவே வரலாம். அதை வைத்து "ஆஸ்துமா இல்லை" என்று முடிவு கட்டக் கூடாது. இரண்டு வாரம் காலையும் மாலையும், ஊதும் வேகத்தை அளக்கும் சிறு கருவியான பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதி எழுதிவைத்தால் ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும். எக்ஸ்ரேயில் ஆஸ்துமா தெரியாது. வேறு நோய் இல்லை என்று உறுதி செய்யத்தான் அதை எடுக்கிறார்கள்.

நாற்பது வயதுக்கு மேல் புதிதாக வருமா?

வரும். அப்படி வந்தால் முதலில் வேலையைச் சந்தேகியுங்கள். மாவுத்தூள், மரத்தூள், ஸ்ப்ரே பெயின்டில் உள்ள ஐசோசயனேட், ரப்பர் கையுறையின் லேடெக்ஸ், சுத்தம் செய்யும் ரசாயனங்கள் எல்லாம் பேர்போன காரணிகள். விடுமுறையில் குறைந்து, வேலைக்குத் திரும்பியதும் கூடுகிறதா என்பதுதான் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி. ஆமாம் என்றால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். சீக்கிரம் விலகியவர்களுக்கு நுரையீரல் மீள வாய்ப்பு அதிகம், வருடக்கணக்கில் இழுத்தடித்தவர்களுக்குக் குறைவு.

பல வருடம் புகைபிடித்த ஒருவருக்கு இந்த வயதில் மூச்சிரைப்பு வந்தால் அது சி.ஓ.பி.டி. என்ற வேறு நோயாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். சிகிச்சை வேறுபடும் என்பதால் பிரித்தறிவது முக்கியம்.

இரண்டு இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றில்தான் சுகம் தெரிகிறது. மற்றது எதற்கு?

சுகம் தெரிவது சால்பியூட்டமால். அது தசையைத் தளர்த்தும். சில நிமிடங்களில் மூச்சு விடும், 4 முதல் 6 மணி நேரம் நிற்கும். வீக்கத்தை அது தொடுவதே இல்லை. மற்றது ஸ்டீராய்டு: புடசோனைடு, பெக்லோமெத்தசோன், ஃப்ளூட்டிகசோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். அதை இழுத்தால் அந்த நேரத்தில் ஒன்றுமே தெரியாது. சில நாட்களில் லேசாகத் தெரிய ஆரம்பித்து, முழுப் பலன் கிடைக்க மாதங்கள்கூட ஆகும். ஆனால் வீக்கத்தை அடக்குவது அதுதான், உயிரைக் காப்பதும் அதுதான். நம் மனம் உடனே பலன் தருவதைத்தான் மருந்து என்று நம்பும். ஆஸ்துமாவில் பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

நிறத்தை வைத்து அடையாளம் காண வேண்டாம். நிவாரணி, அதாவது உடனே சுகம் தரும் இன்ஹேலர், பெரும்பாலும் நீல நிறத்தில் இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். லேபிளில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள்.

எப்போதாவதுதான் வருகிறது. சால்பியூட்டமால் மட்டும் வைத்துக்கொண்டால் போதாதா?

முன்பு அப்படித்தான் சொன்னார்கள். உலக அளவில் வழிகாட்டும் ஜினா அமைப்பு 2019இல் அதை மாற்றிக்கொண்டது. பெரியவர்கள் யாரும் சால்பியூட்டமாலை மட்டும் நம்பி இருக்கக் கூடாது, லேசான ஆஸ்துமாவாக இருந்தாலும் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு ஏதோ ஒரு வடிவில் இருக்க வேண்டும் என்பதுதான் அன்றிலிருந்து அதன் பரிந்துரை. "எப்போதாவது" வருகிறவர்களுக்கும் ஆபத்தான இழுப்பு வருகிறது என்பது காரணம்.

எண்ணிப் பாருங்கள். ஒரு குப்பியில் 200 பஃப் (ஒருமுறை அமுக்கினால் வருவது ஒரு பஃப்). வருடத்துக்கு மூன்று குப்பி தீர்ந்தால் 600 பஃப், நாளுக்கு ஒன்றரைக்கும் மேல். அந்த அளவிலேயே கடும் இழுப்புக்கான ஆபத்து கூடுகிறது. மாதம் ஒரு குப்பி என்ற அளவுக்குப் போனால் மரண ஆபத்தே கூடுகிறது.

இப்போது பலருக்கும் முதல் தேர்வாகக் கொடுப்பது புடசோனைடும் ஃபார்மோட்டராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலர். ஃபார்மோட்டரால் சால்பியூட்டமால் போலவே நிமிடங்களில் தசையைத் தளர்த்தும், கூடவே ஸ்டீராய்டும் போய்விடும். லேசானவர்கள் தேவைப்படும்போது மட்டும், மற்றவர்கள் தினசரியும் தேவைப்படும்போதும் இதையே இழுக்கலாம். 200/6 வலுவுள்ளதில் (ஒரு தடவைக்கு 200 மைக்ரோகிராம் புடசோனைடு, 6 மைக்ரோகிராம் ஃபார்மோட்டரால்) ஒரு நாளுக்கு எல்லாம் சேர்த்து 12 தடவைக்கு மேல் போகக் கூடாது. அந்த எண்ணை நெருங்கினாலே மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை என்று பொருள். சால்மெட்டரால் கலந்த இன்ஹேலரை இப்படித் தேவைக்கேற்ப இழுக்கக் கூடாது, அது மெதுவாகத்தான் வேலை செய்யும். ஸ்டீராய்டு இல்லாமல் ஃபார்மோட்டராலோ சால்மெட்டராலோ தனியாக ஆஸ்துமாவுக்கு எடுப்பது ஆபத்து.

ஸ்டீராய்டு என்றாலே பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய ஸ்டீராய்டு வேறு. இழுப்புக்குக் கொடுக்கும் பிரெட்னிசலோன் மாத்திரை ஒரு நாளுக்கு 40 மில்லிகிராம். இன்ஹேலரில் போவது பெரும்பாலும் 200 முதல் 400 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் பாதிகூட இல்லை. அதுவும் வேண்டிய இடத்துக்கு நேராகப் போகிறது. இன்ஹேலருக்குப் பயந்து அதைத் தவிர்ப்பவர்கள்தான் வருடத்தில் மூன்று நான்கு முறை மாத்திரையில் போய் நிற்கிறார்கள். சர்க்கரை, எலும்புத் தேய்மானம், கண்புரை என்று நாம் பயப்படும் எல்லாம் அந்த மாத்திரைக் கணக்கில்தான் முக்கியமாகச் சேர்கிறது.

பக்கவிளைவே இல்லை என்று சொல்ல மாட்டோம். குரல் கரகரக்கலாம், வாயில் வெள்ளைப் பூஞ்சை படரலாம். ஒவ்வொரு முறையும் இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால், இன்ஹேலரின் வாயில் பொருத்தும் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாயும் வைத்துக்கொண்டால், பெரிதும் தவிர்க்கலாம். பல் துலக்குவதற்கு முன் இன்ஹேலர் என்று வைத்துக்கொண்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும், மறக்கவும் மறக்காது. அதிக அளவை நீண்ட காலம் எடுப்பவர்கள் மட்டும் கண்ணையும் எலும்பையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்ஹேலர் பழகிவிட்டால் விடவே முடியாதாமே? மாத்திரையே மேல் இல்லையா?

பழகாது. நிறுத்தினால் மறுபடி வருவது நோய் இருப்பதால், போதையால் அல்ல. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் பார்வை மங்குவதை யாரும் கண்ணாடிக்கு அடிமை என்று சொல்வதில்லை.

சால்பியூட்டமால் மாத்திரை 4 மில்லிகிராம். ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். ஆக மாத்திரையில் நாற்பது பஃப்பின் மருந்து உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. கை நடுக்கம், படபடப்பு அதிகம், பலன் தாமதம்.

ஸ்ப்ரே இன்ஹேலரைச் சரியாக இழுப்பது எப்படி?

மருந்து வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களிடம் "எப்படி இழுக்கிறீர்கள், காட்டுங்கள்" என்று கேட்டால் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். வேகமாக உறிஞ்சுவார்கள், அல்லது மூச்சு பாதி உள்ளே போன பிறகு அமுக்குவார்கள். தலைக்கு மேல் ஒரு வெள்ளைப் புகை கிளம்பினால் அந்த டோஸ் போன மாதிரிதான்.

மூடியைக் கழற்றி, வாய்ப்பகுதியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நான்கைந்து முறை நன்றாகக் குலுக்குங்கள். குப்பி புதிதென்றாலோ பல நாள் தொடாமல் கிடந்தாலோ, உள்ளே இருக்கும் தாளில் சொன்ன எண்ணிக்கையில் முதலில் காற்றில் அடித்துவிடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, இன்ஹேலரிலிருந்து முகத்தைத் திருப்பி, மூச்சை முழுதாக வெளியே விடுங்கள். வாய்ப்பகுதியைப் பற்களுக்கு இடையில் வைத்து உதடுகளால் சுற்றி மூடுங்கள், நாக்கு குறுக்கே வரக் கூடாது. இப்போது மெதுவாக உள்ளிழுக்க ஆரம்பியுங்கள். ஆரம்பித்த அந்தக் கணத்திலேயே ஒருமுறை அமுக்குங்கள், இழுப்பதை நிறுத்தாதீர்கள். ஒன்று, இரண்டு என்று மனதில் எண்ணி ஐந்து விநாடிவரை மெதுவாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். பிறகு வாயை மூடிப் பத்து விநாடி அடக்கி, மெல்ல விடுங்கள். இரண்டாவது பஃப் தேவையென்றால் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் கழித்து, மறுபடி குலுக்கி, முதலிலிருந்து.

ஏன் மெதுவாக? குப்பியிலிருந்து மருந்துத்துளிகள் மிக வேகமாகப் பாய்ந்து வருகின்றன. நீங்களும் வேகமாக உறிஞ்சினால் தொண்டை வளைவில் திரும்ப முடியாமல் பின்சுவரில் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். வாயில் கசந்தால் மருந்து அங்கேதான் நின்றிருக்கிறது.

ஸ்பேசர் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும்தானே?

இல்லை, எல்லோருக்கும். துளிகளின் வேகத்தைக் குறைத்து, அமுக்குவதையும் இழுப்பதையும் ஒரே கணத்தில் செய்ய வேண்டிய வித்தையை அது தேவையில்லாமல் ஆக்குகிறது. ஒருமுறைக்கு ஒரு பஃப்தான். இரண்டு மூன்றை ஒன்றாக அடித்து இழுத்தால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து சுவரில் ஒட்டிவிடும். அடித்தவுடன் ஒரே நீண்ட மூச்சாக இழுத்து அடக்கலாம், அது முடியாவிட்டால் ஐந்தாறு சாதாரண மூச்சு போதும்.

மாதம் ஒருமுறை பாத்திரம் கழுவும் திரவம் சில துளி கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி, துடைக்காமல் தானாக உலர விடுங்கள். துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தை ஈர்த்துக்கொள்ளும். புதிதாக வாங்கியதையும் இப்படி அலசிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

பவுடர் இன்ஹேலருக்கும் இதே முறையா?

நேர் எதிர். அதில் தள்ளிவிட வாயு கிடையாது, நீங்கள் மூச்சை இழுக்கும் வேகம்தான் பவுடரை உடைத்து உள்ளே கொண்டுபோகும். ஆகவே ஆரம்பத்திலிருந்தே வேகமாக, பலமாக, ஆழமாக இழுக்க வேண்டும். ஸ்பேசர் பொருந்தாது. அதற்குள் ஊதிவிடாதீர்கள், ஈரம் பட்டால் பவுடர் கட்டிதட்டும். குளியலறையில் வைக்கக் கூடாது என்பதும் இதற்காகத்தான். கேப்ஸ்யூல் போடும் வகையென்றால் இழுத்தபின் திறந்து பாருங்கள், பவுடர் மிச்சமிருந்தால் இன்னொரு முறை இழுங்கள். கேப்ஸ்யூலை விழுங்குகிறவர்களும் உண்டு, அதனால் நுரையீரலுக்கு ஒரு பலனும் இல்லை.

ஒரே ஆளுக்கு ஒன்று ஸ்ப்ரே, ஒன்று பவுடர் என்று இருந்தால் இரண்டு முறையும் குழம்பும். முடிந்தவரை ஒரே வகையாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடந்த நான்கு வாரத்தை நினைத்து நான்கு கேள்வி. பகலில் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தொந்தரவு இருந்ததா? இரவில் ஒருமுறையாவது ஆஸ்துமாவால் விழித்தீர்களா? நிவாரணி சால்பியூட்டமாலை வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் எடுத்தீர்களா? ஆஸ்துமாவுக்காக ஏதாவது வேலையைத் தவிர்த்தீர்களா? நான்கும் இல்லை என்றால் நல்ல கட்டுப்பாடு. ஒன்றிரண்டு ஆமாம் என்றால் பாதிக் கட்டுப்பாடு, மூன்று நான்கு என்றால் கட்டுப்பாடே இல்லை.

கடைசிக் கேள்வியில் ஏமாந்துவிடாதீர்கள். மாடி ஏறுவதை விட்டு வருடமானவருக்கு "மாடி ஏறினால் இரைக்கிறதா" என்றால் இல்லை என்றுதான் பதில் வரும்.

பீக் ஃப்ளோ மீட்டர் அவசியமா?

எல்லோருக்கும் அல்ல. மூச்சு மோசமாவதை உணரத் தெரியாதவர்கள், கடும் இழுப்பு வந்தவர்கள் வைத்துக்கொள்வது நல்லது. முள்ளைப் பூஜ்யத்துக்குத் தள்ளி, நின்றுகொண்டு, முழு மூச்சு இழுத்து, உதட்டை இறுக்கி, மெழுகுவர்த்தியை அணைப்பதுபோல் ஒரே வெடிப்பாக ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, அதிகமானதை எழுதுங்கள். சராசரி எடுக்கக் கூடாது.

நன்றாக இருக்கும் இரண்டு வாரத்தில் வந்த உச்ச அளவுதான் உங்கள் சொந்த அளவுகோல். அது 450 என்றால் 360க்கு மேல் பச்சை, 225 முதல் 360 வரை மஞ்சள், 225க்குக் கீழ் சிவப்பு. அதாவது 80 சதவீதமும் 50 சதவீதமும் எல்லைகள். மஞ்சளில் எந்த மருந்தை எவ்வளவு கூட்டுவது என்பதை மருத்துவரிடம் கேட்டு முன்பே ஒரு தாளில் எழுதி வாங்கி வையுங்கள். இரவு இரண்டு மணிக்கு யோசிக்க முடியாது.

எதையெல்லாம் தவிர்க்க வேண்டும்?

உங்களைச் சீண்டுவதை மட்டும். பட்டியலில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் விலக்க வேண்டியதில்லை. உணவுக் கட்டுப்பாடு பெரும்பாலான பெரியவர்களுக்குத் தேவையே இல்லை.

புகை விதிவிலக்கு, அது யாருக்கும் ஆகாது. சிகரெட் பிடிப்பவர்களுக்கு உள்ளிழுக்கும் ஸ்டீராய்டின் பலனே குறைகிறது. தூசிப்பூச்சி ஒவ்வாமை இருந்தால் படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். ஆனால் மெத்தை உறை ஒன்றை மட்டும் வாங்கிப் போட்டு ஆஸ்துமா அடங்கியதாகப் பெரியவர்களிடம் பார்ப்பது அரிது. பூஞ்சை பிடித்த சுவர், கரப்பான், வீட்டுப் பிராணி என்று எது காரணமோ அதையும் சேர்த்துக் கவனித்தால்தான் பலன். இடிமழை நேரத்தில் மகரந்தத் துகள்கள் நுண்ணிய துணுக்குகளாக உடைந்து நுரையீரலின் ஆழம்வரை போகும். 2016 நவம்பரில் மெல்போர்னில் ஒரே மாலையில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு ஓடியது இப்படித்தான். அவர்களில் பலருக்கு அதுவரை ஆஸ்துமா இருந்ததாகவே தெரியாது.

மருந்துகளில்தான் அதிகக் கவனம் வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் தரும் புரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் மூச்சுக்குழாயை இறுக்கும். கண் அழுத்தத்துக்கு விடும் டிமலால் சொட்டு மருந்தும் அதே வகை. கண்ணில் விடுவதுதானே என்று யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வலி மாத்திரைகள் சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கடும் இழுப்பைக் கிளப்பும், முக்கியமாக மூக்கில் சதை வளர்ச்சி உள்ளவர்களுக்கு, மணம் தெரியாதவர்களுக்கு. ஒருமுறை அப்படி ஆகியிருந்தால் அந்த வகையையே மறுபடி தொடாதீர்கள். பாராசிட்டமால் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். மற்றபடி, இதுவரை எந்தத் தொந்தரவும் இல்லாமல் இந்த வலி மாத்திரைகளை எடுத்துவருபவர்கள் பயந்து நிறுத்த வேண்டியதில்லை.

உடற்பயிற்சி செய்யலாமா?

செய்ய வேண்டும். ஓடி முடித்து ஐந்து பத்து நிமிடத்தில் இழுத்தால் பயிற்சியைக் குறைக்காதீர்கள், கட்டுப்பாட்டைச் சரிபாருங்கள். பத்து நிமிடம் மெதுவாகத் தொடங்கி உடம்பைச் சூடாக்குவதும், மருத்துவர் சொல்லியிருந்தால் முன்கூட்டியே ஒரு நிவாரணி டோஸ் எடுப்பதும் உதவும். மூச்சுப் பயிற்சிகள் பதற்றத்தைக் குறைத்து நிம்மதி தரும், மருந்துக்கு மாற்று அல்ல.

திடீரென்று இழுப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும்?

நிமிர்ந்து உட்காருங்கள், படுக்க வேண்டாம். இறுகிய உடையைத் தளர்த்துங்கள். ஸ்பேசர் வழியாகச் சால்பியூட்டமால் ஒரு பஃப், அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் கழித்து இன்னொன்று, இப்படித் தேவைக்கேற்பப் பத்து பஃப் வரை. நடுவில் மோசமானாலோ, பத்து முடிந்தும் சரியாகாவிட்டாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது வர நேரமானால் பத்து நிமிடம் கழித்து மறுபடி அதே பத்து. புடசோனைடு ஃபார்மோட்டரால் நிவாரணியாக வைத்திருப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் மூன்று நிமிடம் இடைவெளி விட்டு, ஒரே நேரத்தில் ஆறு வரை இழுக்கலாம்.

ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, தூக்கக் கலக்கமோ குழப்பமோ வருகிறது, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 92 சதவீதத்துக்குக் கீழ் என்றால் பஃப் எண்ணிக்கொண்டிருக்காமல் முதலிலேயே ஆம்புலன்ஸ். காத்திருக்கும்போது பஃப்பை நிறுத்தாதீர்கள். சால்பியூட்டமால் எடுத்தும் நான்கு மணி நேரம் தாங்கவில்லை என்றாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒரு பொறியைப் பற்றி எச்சரிக்கை. வீட்டில் எல்லோரும் கேட்ட விசில் சத்தம் திடீரென்று நின்றுவிடும், ஆள் அமைதியாகிவிடுவார், "அப்பாடா, அடங்கிவிட்டது" என்பார்கள். மூச்சு சுலபமாகி, பேச்சு வந்து, முகம் தெளிந்தால்தான் அடங்கியதாக அர்த்தம். பேச்சும் இல்லை, நெஞ்சும் அதிகம் அசையவில்லை என்றால், சத்தம் எழுப்பக்கூட உள்ளே காற்று ஓடவில்லை என்று பொருள். அது உயிருக்கு ஆபத்தான கட்டம். ஆக்சிமீட்டர் 96 காட்டுகிறது என்றும் அசட்டையாக இருக்காதீர்கள், அந்த எண் தாமதமாகத்தான் இறங்கும். அமைதிப்படுத்துவதற்காகத் தூக்க மாத்திரை கொடுக்கவே கூடாது.

இழுப்பு அடங்கியபின் கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தலாமா?

கூடாது. பிரெட்னிசலோன் வழக்கமாக 40 முதல் 50 மில்லிகிராம், காலையில், 5 முதல் 7 நாள். இரண்டாம் நாளே மூச்சு சுகமாகிவிடும். வீக்கம் அதற்குள் வடிந்திருக்காது. இரண்டு வாரத்துக்குக் குறைவாக எடுத்தால் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. ஒரு வாரத்துக்குள் மறுபடி மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலான இழுப்புகளுக்குப் பின்னால் இருப்பது வைரஸ், ஆகவே ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்க வேண்டியதில்லை. ஃப்ளூ தடுப்பூசியை வருடா வருடம் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் நெபுலைசர் வாங்கி வைக்கலாமா?

பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. மிதமான இழுப்பில் ஸ்பேசர் வழியாகப் பல பஃப் எடுப்பதும் நெபுலைசர் வைப்பதும் ஒரே பலன்தான். வீட்டில் நெபுலைசர் இருந்தால் "இன்னொரு தடவை வைத்துப் பார்ப்போம்" என்று மருத்துவமனைக்குப் போவது தள்ளிப்போகும், எங்கள் தயக்கம் அதுதான்.

கர்ப்ப காலத்தில் நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். தாய்க்கு மூச்சு முட்டினால் குழந்தைக்கும் ஆக்சிஜன் குறையும், இன்ஹேலரால் வரும் ஆபத்தைவிட அது பெரிது. தோராயமாக மூன்றில் ஒருவருக்குக் கர்ப்பத்தில் ஆஸ்துமா கூடும், ஒருவருக்குக் குறையும், ஒருவருக்கு அப்படியே இருக்கும். அதனால் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று மாதமாக ஒரு தொந்தரவும் இல்லை. மருந்தைக் குறைக்கலாமா?

மருத்துவரோடு பேசிக் குறைக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு அளவில் கால் பங்கிலிருந்து பாதிவரை குறைத்துப் பார்ப்பது வழக்கம். பயணம், ஜலதோஷம், கர்ப்பம் இருக்கும் நேரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். ஸ்டீராய்டை முழுக்க நிறுத்துவது பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இழுப்பில்தான் முடிகிறது.

எல்லாம் செய்தும் அடங்கவில்லையே?

மருந்தைக் கூட்டுவதற்கு முன் வரிசையாகப் பாருங்கள்: இழுக்கும் முறை சரியா, தினமும் எடுக்கிறீர்களா, மூக்கு ஒவ்வாமை, அமிலம், உடல் எடை, குறட்டை கவனிக்கப்பட்டதா, நோய் ஆஸ்துமாதானா. இவற்றில் ஏதோ ஒன்றில்தான் பெரும்பாலும் விடை இருக்கும். அதன் பிறகே டயோட்ரோபியம், மான்டிலுகாஸ்ட் போன்ற கூடுதல் மருந்துகள். மான்டிலுகாஸ்ட் தொடங்கியபின் மனச்சோர்வு, கெட்ட கனவு, தற்கொலை எண்ணம் வந்தால் உடனே சொல்ல வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் இதற்குக் கடுமையான எச்சரிக்கை வெளியிட்டது. உண்மையிலேயே கடுமையான ஆஸ்துமா உள்ள சிறு பகுதியினருக்கு ஒமலிசுமாப், மெபோலிசுமாப் போன்ற ஊசிகள் உண்டு. ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணு, ஐ.ஜி.இ. என்ற ஒவ்வாமைப் புரதம் ஆகியவற்றின் அளவுகளைப் பார்த்து யாருக்கு எது என்று தேர்வு செய்வார்கள்.

குப்பியில் மருந்து தீர்ந்துவிட்டதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம், அந்தச் சோதனை பொய் சொல்லும், தண்ணீர் வால்வையும் கெடுக்கும். குலுக்கிப் பார்ப்பதும் உதவாது. மருந்து தீர்ந்தபிறகும் தள்ளும் வாயு மிச்சமிருப்பதால் சத்தமும் வரும், புகையும் வரும். எண் காட்டி உள்ள இன்ஹேலரை வாங்குங்கள். இல்லையென்றால், தினம் இருவேளை இரண்டு பஃப் எடுப்பவருக்கு 200 பஃப் சரியாக 50 நாள். திறந்த தேதியையும் தீரும் தேதியையும் பேனாவால் பிளாஸ்டிக் உறைமேல் எழுதிவிடுங்கள், உலோகக் குப்பியில் எழுதினால் அழிந்துவிடும்.